பாலிஷ் டப்பாவோடு விமானம் ஏற முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தேக்கில் பூஜை மண்டபம் செய்து, பாகம் பாகமாகக் கப்பலில் அனுப்பி, பிறகு நான் நேரில் சென்று பொருத்தி, கடைசிப் பாலிஷும் போட்டுக் கொடுப்பதாக ஒப்பந்தம். இங்கே காட்டிய மாதிரிப் பலகையில் உள்ள மெலமைன் பாலிஷையே போடுவதாக, நிறுவனத்தின் பெயரோடு எழுதிவிட்டோம். சீலர், மெலமைன், தின்னர், கொஞ்சம் ஃப்ரெஞ்ச் பாலிஷ் எல்லாம் சேர்த்து எட்டு லிட்டர் வரும். பெங்களூரு விமான நிலையத்தில் சீல் உடைக்காத டப்பாவாகச் செக்-இன் பெட்டியில் போடலாமா? அல்லது மரப் பாகங்களோடு கன்டெய்னரிலேயே வைத்துவிடலாமா? முடியாது என்றால், அங்கே கிடைக்கும் வேறு பாலிஷைப் போட்டால் வாடிக்கையாளர் பணத்தை நிறுத்திவைக்க முடியுமா? தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகச் சொல்கிறார் நண்பர் ஒருவர்.

பதில்: நண்பரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். தாங்கள் குறிப்பிடும் நான்கு பொருட்களும் சர்வதேசப் போக்குவரத்து விதிகளில் மூன்றாம் வகுப்பு அபாயப் பொருள், அதாவது எளிதில் தீப்பற்றும் திரவம். மூடிய கலத்தில் சோதிக்கும்போது 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைந்த வெப்பத்தில் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் திரவங்கள் இந்த வகுப்பில் வரும். லாக்கர், வார்னிஷ், தின்னர் மட்டுமல்லாமல், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கும் ஐ.நா. எண் 1263-இன் (அபாயப் பொருட்களை அடையாளம் காட்டும் எண்) கீழ்ப் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருப்பதால், ஃப்ரெஞ்ச் பாலிஷுக்குத் தனி விலக்கு எதுவும் இல்லை. பயணியின் பெட்டியில் இவற்றை எந்த அளவிலும் கொண்டு செல்ல அனுமதி கிடையாது. சீல் உடைத்ததா உடைக்காததா என்ற கேள்வியே எழாது. அரை லிட்டர் பாட்டில்களாக மொத்தம் 2 லிட்டர் வரை என்று பலர் சொல்லும் சலுகை, வாசனைத் திரவியம், தலைமுடி எண்ணெய், மருந்து போன்ற சொந்த உபயோகப் பொருட்களுக்கு உரியது. பட்டறைச் சரக்குக்கு அது பொருந்தாது.

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம், 2024 நடைமுறைக்கு வந்துள்ளது. விதிகளை மீறி அபாயப் பொருளை விமானத்தில் கொண்டு செல்வதற்கு 2 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க இடமுண்டு. அத்தகைய பொருளைப் பற்றிக் கேட்கும்போது தெரிந்தே பொய்த் தகவல் தருவதும் தண்டனைக்குரியது. டப்பாவோடு பிடிபடுபவர் அறியாமல் செய்தேன் என்றாவது சொல்லிப் பார்க்கலாம்; தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றியவருக்கு அந்த வாதமும் இல்லை.

கப்பல் வழி முற்றிலும் அடைபட்டதன்று, ஆனால் எட்டு லிட்டருக்கு அது கட்டுப்படியாகாது. ஐ.நா. தரச் சோதனை தேறிய கலன், அபாயப் பொருள் அறிவிப்பு, தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாள், கப்பல் நிறுவனத்தின் முன்சம்மதம் ஆகிய அனைத்தும் வேண்டும். அந்தப் பக்கத்தில் சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமமும் குறுக்கே வரக்கூடும். அறிவிக்காமல் மரச் சாமான்களுக்கு நடுவே செருகி வைத்தால், சுங்கச் சட்டம், 1962-இன் 114ஏஏ பிரிவின்படி, பொய்யான அறிவிப்புக்காகச் சரக்கின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை தண்டத்தொகை விதிக்கலாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காப்பீடு. கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963-இன் 20-ஆம் பிரிவு, காப்பீடு எடுப்பவர் தமக்குத் தெரிந்த முக்கிய விவரம் அனைத்தையும் முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. தின்னர் இருப்பதை மறைத்து எடுத்த பாலிசியைக் காப்பீட்டு நிறுவனம் தள்ளுபடி செய்ய முடியும் என்பதால், மண்டபம் நனைந்தோ உடைந்தோ போனாலும் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். தங்கள் கடிதத்தில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இந்தியச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்; வேறு நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று அதில் எழுதியிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். கொண்டு போக முடியாத பொருள் என்பதால் ஒப்பந்தமே செல்லாது என்று சிலர் ஆலோசனை சொல்லக்கூடும். அதை நம்பி இறங்காதீர்கள். தாங்கள் ஒப்புக்கொண்டது குறிப்பிட்ட பாலிஷைப் போடுவதையே தவிர, அதை விமானத்தில் தூக்கிச் செல்வதை அல்ல. அதே சரக்கு அங்கே விலைக்குக் கிடைக்குமானால் கடமை அப்படியே நிற்கும். கிடைக்காவிட்டாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 56-ஆம் பிரிவின் கடைசிப் பகுதி தங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும்: செய்ய இயலாதது அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தோ, நியாயமாக விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ ஒருவர் வாக்குறுதி அளித்து, எதிர்த் தரப்பு அதை அறியாமல் இருந்தால், வாக்குறுதி அளித்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும். தொழில் தெரிந்தவர் தாங்கள். வாடிக்கையாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்க்காது.

மாதிரிப் பலகை இன்னொரு கண்ணி. பொருட்கள் விற்பனைச் சட்டம், 1930-இன் 17-ஆம் பிரிவின்படி, மாதிரி காட்டி விற்ற பொருள் தரத்தில் அந்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்பது உள்ளடங்கிய நிபந்தனை. ஆகவே சம்மதம் வாங்காமல் வேறு பாலிஷைப் போட்டுவிட்டு, பளபளப்பு வேறுபடுகிறது என்று அவர் பணத்தை நிறுத்தினால், தங்கள் நிலை பலவீனமாகவே இருக்கும்.

வழி இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில் இருக்கிறது: இரு தரப்பும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தை மாற்றினால், பழைய நிபந்தனையை நிறைவேற்ற வேண்டியதில்லை. மண்டபம் கப்பல் ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்கும் சம்மதத்துக்கு விலை கூடும். முத்திரைத்தாள் தேவையில்லை, மின்னணு வழியில் செய்த ஒப்பந்தத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு ஏற்பதால், மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ போதும். ஆனால் மாற்றுப் பாலிஷின் பெயர், பளபளப்பின் அளவு, கூடுதல் செலவு யாருடையது என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். ‘சரி, பார்த்துச் செய்யுங்கள்’ என்ற பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த மாற்று என்பது தங்கள் தொழிலறிவுக்கு உட்பட்டது என்றாலும், சட்டக் கண்ணோட்டத்தில் இரண்டைச் சொல்ல முடியும். ஒன்று, அரக்கைத் திரவமாக அல்லாமல் உலர்ந்த செதிலாகக் கொண்டு போவது. ஸ்பிரிட்டில் கரைக்காதவரை அது மூன்றாம் வகுப்பில் வராது. விற்பவரின் உறையும் பாதுகாப்புத் தரவுத் தாளும் உடன் இருக்கட்டும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கரைக்கத் தேவையான மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மற்றது, தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் பூச்சை அங்கேயே வாங்குவது. தேக்கின் எண்ணெய்ப் பசையில் அது சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்று அஞ்சினால், மெழுகு நீக்கிய அரக்கை அடிப்பூச்சாகப் போடும் வழக்கம் உண்டு. இரண்டில் எதுவானாலும் அதே தேக்கில் புதிய மாதிரிப் பலகை ஒன்று செய்து, அதன் மேல் வாடிக்கையாளரின் கையொப்பம் வாங்குங்கள். நன்கு காய்ந்த பலகையைப் பெட்டியில் எடுத்துச் செல்லத் தடை இல்லை.

பட்டறையில் இருக்கும் ஃப்ரெஞ்ச் பாலிஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் இயல்பு மாற்றிய (குடிக்க உதவாதபடி செய்த) ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் (மெத்தனால்), ஃப்ரெஞ்ச் பாலிஷ் ஆகியவற்றுக்கென்றே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஓசூர் தாண்டிப் போய் கர்நாடகத்திலிருந்து கேனில் ஸ்பிரிட் வாங்கி வரும் பழக்கம் இருந்தால், 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு, மாநில எல்லையில் உள்ள ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் யாரும் அதைச் சாதாரணமாக விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தாங்கள் கேட்காத ஒன்று: எந்த அனுமதியில் சிங்கப்பூர் போகிறீர்கள்? சுற்றுலா நுழைவில் சென்று பொருத்தும் வேலையும் பாலிஷ் வேலையும் செய்தால், உரிய வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவருக்கு அங்கே 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்க முடியும். கூலி இந்தியாவில் ரூபாயாகத்தான் வருகிறது என்பதை மட்டும் வைத்து விலக்கு உண்டு என்று எண்ண வேண்டாம். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பு, அந்நாட்டு மனிதவள அமைச்சகத்திடம் வாடிக்கையாளர் மூலம் எழுத்தில் விளக்கம் பெறுங்கள். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால், பாலிஷ் முழுவதையும் காவேரிப்பட்டணத்திலேயே முடித்து, காய்ந்த பாகங்களாக அனுப்பி, பொருத்துவதை அங்குள்ள தச்சரிடம் விடும்படி ஒப்பந்தத்தைத் திருத்துவதே மேல். முன்பு சொன்ன 62-ஆம் பிரிவு மாற்றத்திலேயே இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.