வாசகர் கேள்வி: பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மூன்று தலைமுறையாகச் சேலத்தில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கடந்த மே மாதம் எங்கள் சபை வாலிபர்கள் நான்கு பேர், வெளியூர் ஊழியர் ஒருவருடைய கூட்டத்துக்குப் போய்வந்த பின், மேட்டூர் அருகே காவிரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் என் மகன். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, பின்பு திடப்படுத்தலும் (வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் ஆராதனை) எடுத்தவன். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் பாதிப் பேர், அவர்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, திருவிருந்திலும் சேர்க்கக் கூடாது என்கிறார்கள். மற்றவர்கள், "எல்லாரும் ஒன்றாயிருக்கவே இந்தச் சபை உண்டானது, விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். எது சரி?
— ஒரு தகப்பன், அஸ்தம்பட்டி

பதில்: இருதரப்பிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்பதையே இரண்டு தரப்பாரும் குழப்பிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

முழுக்கு இங்கே பிரச்சினை அல்ல. ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், குழந்தையைத் தண்ணீரில் முழுக்குவதையே முதலில் சொல்லி, பிள்ளை பலவீனமாயிருந்தால் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று அதற்கு அடுத்துத்தான் சொல்கிறது. உங்கள் மகன் செய்தது இரண்டாம் முறை எடுத்தது. அதாவது, முதலில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று செயலால் சொன்னது. இதற்கு அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தை மேற்கோள் காட்டுவார்கள். எபேசுவில் பவுல் சிலருக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லையா என்பார்கள். ஆனால் அந்த எபேசியர் பெற்றிருந்தது யோவான் ஸ்நானகனுடைய ஞானஸ்நானம். இயேசுவின் நாமத்தினால் பெற்றவர்களுக்குப் பவுல் மறுமுறை கொடுத்ததாக அங்கே இல்லை. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில், தகுதியற்ற குருமார் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று பிரிந்துபோன தொனாத்துவாதிகளோடு எழுந்த இதே வழக்கில், கொடுத்த குருவின் தகுதியைப் பொறுத்து ஞானஸ்நானம் செல்லாததாகிவிடாது என்று பேராயர் அகுஸ்தீன் பின்னர் வாதிட்டார். 1982இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் லீமா அறிக்கையும், ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாத ஒன்று என்றே கூறியது. ஆகவே உபதேசத்தைப் பொறுத்தவரை, கண்டிப்பைக் கேட்கும் தரப்பே சரி.

ஒற்றுமையைப் பற்றி மற்றத் தரப்பார் சொல்வதற்கு வருவோம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலிய சபைகளை இணைத்துத் தென்னிந்தியத் திருச்சபையை உண்டாக்க 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான் முடிந்தது. 28 ஆண்டுகள்! அதற்காக உழைத்த பேராயர் அசரியா 1945இலேயே காலமாகிவிட்டார். பேராயர் கையால் அபிஷேகம் பெறாதவர் குருவா என்பது ஆங்கிலிக்கர்களுக்குச் சாதாரணக் கேள்வி அல்ல. அதைத் தீர்த்துவிட்டுத்தான் ஒன்றுசேர வேண்டும் என்று காத்திருந்திருந்தால், இன்றுவரை காத்திருப்போம். மெதடிஸ்டுகளும், தென்னிந்திய ஐக்கியச் சபையிலிருந்து வந்த பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் குருமார்களும் மறு அபிஷேகம் இல்லாமலே ஏற்கப்பட்டார்கள். மனச்சாட்சி இடங்கொடாத சபைமீது ஒரு குருவைத் திணிப்பதில்லை என்று வாக்குறுதியும் கொடுக்கப்பட்டது. அப்படியும் ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்களில் பலர் வெளியே நின்றார்கள். உங்கள் சேலத்துக்கு இதில் இன்னும் பழைய உரிமை உண்டு. இங்கே 1827இல் வேலை தொடங்கிய லண்டன் மிஷனின் அடிப்படைக் கொள்கையே, எந்தச் சபை ஒழுங்கையும் அல்ல, சுவிசேஷத்தை மட்டுமே கொண்டுபோவது என்பதாகும்.

ஆனால் கவனியுங்கள்: 1947இல் குருமாருக்கு மறு அபிஷேகம் செய்யாததற்குக் காரணம், ஒருவர் ஏற்கெனவே பெற்றதை மற்றவர் "செல்லாது" என்று சொல்லக் கூடாது என்பதுதான். உங்கள் மகன் சொன்னது அந்தச் சொல்லைத்தான். கமிட்டியில் ஒரு பாதி இப்போது அவன் சபை அங்கத்துவத்தைப் பற்றிச் சொல்லத் துடிப்பதும் அதே சொல்லைத்தான்.

ஆகவே பெயரை நீக்குவதை நான் ஏற்கவில்லை. திருவிருந்தை மறுப்பது கமிட்டியில் கைதூக்கி முடிவெடுக்கும் காரியமும் அல்ல. ஆயர் வழியாகப் பேராயரிடம் போக வேண்டியது. அதற்காகச் சும்மா விட்டுவிடுவதும் சரியில்லை. அந்த நால்வரில் யாராவது ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தால், மற்றப் பிள்ளைகளின் ஞானஸ்நானம் வெறும் தண்ணீர் என்று போதிப்பதில்லை என்று சொல்லும்வரை அந்த வகுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். (திடப்படுத்தல் வகுப்பை நான்கு சனிக்கிழமைகளில் மனப்பாடமாக முடித்துவிடுகிற நம் வழக்கத்தையும் இதே கமிட்டி ஒருநாள் பேசினால் நல்லது.)

நீங்கள் தகப்பனாகச் செய்ய வேண்டியது வேறு. மகனிடம் வாதாட வேண்டாம். அன்று காவிரிக்கரையில் அவனுக்குக் கிடைத்தது என்ன, நம் ஆலயத்தில் கிடைக்காமல் போனது என்ன என்று கேளுங்கள். அடுத்த கமிட்டி கூடுமுன், ஆயரோ மூப்பரோ அந்த நால்வரின் வீட்டுக்கு ஒருமுறையாவது போனார்களா என்பதையும் விசாரியுங்கள்.