பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ரா ஏன் ஆண்டுதோறும் மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் வாசித்தது?

முக்கியக் காரணம், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் மே மாத இசை விழா. அது 1894-இல் தொடங்கியது. முதலில் பாஸ்டனிலிருந்து ஒரு இசைக்குழு, அப்புறம் 1905 முதல் சிகாகோ குழு. 1936-இல் பிலடெல்பியா குழு வந்தது. 1984 வரை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அந்த விழா அவர்களுடையதுதான். அதில் பெரும்பகுதி, குழுவின் நடத்துனர் யூஜின் ஆர்மண்டி தலைமையில்.

சும்மா வந்து வாசித்துவிட்டுப் போகும் உறவல்ல இது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த பாடகர் குழு ஒன்று, பெரிய படைப்புகளில் இவர்களோடு மேடையேறியது. பகலில் வேறு வேலை பார்ப்பவர் மாலையில் உலகத்தரமான வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நின்று பாடினார்! எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

அரங்கும் ஒரு காரணம். 1913-இல் திறந்த ஹில் ஆடிட்டோரியத்தை வடிவமைத்தவர் ஆல்பர்ட் கான். சுவரும் கூரையும் பரவளைய வடிவில் மேடையிலிருந்து விரிந்து செல்வதால், ஒலி சிதறாமல் கடைசி வரிசைவரை போய்ச் சேரும். சுமார் 3,500 இருக்கைகள் உள்ள இடத்தில் மெல்லிய வயலின் ஒலிகூடத் தெளிவாகக் கேட்பது சாதாரண விஷயமில்லை.