எம்.பி. கேட்ட கேள்வி தேடலில் வரவில்லையா?

ரயில்வே மேம்பாலம் பற்றி உங்கள் எம்.பி. மக்களவையில் பேசியதாகச் செய்தி வந்தது, நாடாளுமன்றத்தின் இணையதளமான சன்சத் தளத்தில் அவர் பெயரைப் போட்டால் எதுவும் வரவில்லை என்கிறீர்கள். முதலில் அது கேள்விதானா என்று பாருங்கள். பூஜ்ய நேரத்தில் (கேள்வி நேரத்துக்குப் பின் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம்) பேசியதோ, மக்கள் பிரச்சினைகளை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரும் விதி 377-இல் எழுப்பியதோ கேள்விப் பட்டியலில் இருக்காது. 377-க்கு அமைச்சர் கடிதமாகத்தான் பதில் தருவார்.

கேள்விதான் என்றால் பெயரை விடுங்கள். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். போதாததற்குப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல், இனிஷியல் குழப்பம் வேறு. எத்தனையாவது மக்களவை, கூட்டத்தொடர், ரயில்வே அமைச்சகம், தேதி என்று வடிகட்டுங்கள். கேள்வி எண் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 1-இலிருந்து தொடங்கும், அதனால் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் வேறொன்று வந்து நிற்கும். அவையில் வாய்மொழியாகப் பதில் தரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20-தான். எழுத்தில் பதில் தரும், 230 வரை போகும் குறியிடாதவற்றில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

பதிலின் பிடிஎஃபைக் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். முதல் பக்கத்தில் '(அ) முதல் (ஈ) வரை' என்று மொத்தமாக ஒரு பத்தி இருக்கும், சரக்கெல்லாம் இணைப்பு அட்டவணையில். 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்றிருந்தால் அது அரசின் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; அதை அரசு உறுதிமொழிகள் குழு கண்காணிக்கும்.