மற்றவர்களோடு ஒப்பிட்டு நொந்துபோவதை நிறுத்த மனநலச் சிகிச்சை முறைகள் உண்மையிலேயே உதவுமா?

உதவும். எனக்கு உதவியது. ஆனால் நான் எதிர்பார்த்துப் போனது ஒன்று, கிடைத்தது வேறு. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்கும் ஒரு குறிப்பிட்ட ஆள் இருப்பார் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத கோடீஸ்வரரைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. அளந்து பார்க்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் தங்களை எடைபோடுகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதிவிட்டார். எனக்கு அந்த ஆள் என் தோழி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். 9 வருடத்தில் அவள் ஒரு துறைக்கே தலைவி. நான் சேர்ந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே, அவ்வளவுதான். இரவு விளக்கை அணைத்த பிறகு போனில் அவள் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். வயிற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கும். மறுநாளும் பார்ப்பேன்.

முதலில் போன ஆலோசகரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பேசப் பேசத் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரை இரண்டு முறை மாற்றிச் சொன்னார். கடைசியில், "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அடுத்தவர் துன்பத்தில் ஆறுதல் தேடுவதும் ஒப்பீடுதானே? ஒருவர் எத்தனை நாள் தயங்கிவிட்டு அந்தக் கதவைத் தட்டுகிறார் என்று யோசிக்கவே மாட்டார்களா? அதற்குப் பிறகு 7 மாதம் நான் எங்கும் போகவில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

இரண்டாவது ஆலோசகர் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். என்ன நடந்தது, உடனே என்ன எண்ணம் வந்தது, வேதனை நூற்றுக்கு எவ்வளவு, அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம், எதிராக என்ன இருக்கிறது, எல்லாம் எழுதிய பிறகு வேதனை எவ்வளவு. ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறையின் வழியில் வந்த பயிற்சி இது. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று எழுதி, 85 போட்டேன். ஆதாரம் என்ற கட்டத்தில், "அவளுக்கு எல்லாமே சரியாக அமைந்துவிட்டது" என்று எழுதினேன். ஆலோசகர் பென்சிலால் 'எல்லாமே' என்ற சொல்லைச் சுழித்து, "இதில் நீங்கள் கண்ணால் பார்த்தது எவ்வளவு?" என்றார். யோசித்தால், பதவி உயர்வு ஒன்றுதான். மீதி முழுவதும் நானாக நிரப்பியது. அன்று கடைசிக் கட்டத்தில் 60 எழுதினேன். பூஜ்ஜியம் வரவில்லையே என்று வருத்தப்பட்டேன். 25 குறைந்ததே போதும் என்றார்.

தயவுசெய்து மனதுக்குள்ளேயே செய்து பார்த்துவிட்டு, பலனில்லை என்று சொல்லாதீர்கள். நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் செய்தேன். மனதுக்குள் வாதாடினால் பழைய எண்ணமே ஜெயிக்கும். பேனாவால் எழுதும்போதுதான் 'எல்லாமே' மாதிரிச் சொற்கள் கண்ணில் படும்.

எழுத முடியாத நேரத்துக்கு இன்னொன்று வைத்திருக்கிறேன். "நான் தோற்றுவிட்டேன்" என்று மனம் சொன்னால், "நான் தோற்றுவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு இப்போது வருகிறது" என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வேன். ஏற்பு, அர்ப்பணிப்புச் சிகிச்சை என்ற முறையில் இதைச் சொல்லித் தருகிறார்கள். எண்ணத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

நோட்டில் எழுதினால் பதவி உயர்வு வருமா என்று யாராவது கேட்கலாம். வராது. என் அலுவலகத்தில் நியாயமில்லாத விஷயங்கள் உண்டு, அவற்றை எந்தச் சிகிச்சையும் மாற்றாது. நான் மருத்துவரும் இல்லை. தூக்கமும் பசியும் போய், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் நோட்டோடு நிற்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

போன மாதம் தோழிக்கு ஒரு விருது கிடைத்தது. அதே கல், அதே வயிறு. எழுந்து விளக்கைப் போட்டு எழுதினேன். 70-இல் தொடங்கி 40-இல் முடிந்தது. காலையில் அவளை அழைத்து வாழ்த்துச் சொன்னேன். ஒரு வருடத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்கிறாள் என்று அவள் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது.