ஜாடிப் பூனை பொய் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: பூனைக்குட்டியைக் கண்ணாடி ஜாடிக்குள் அடைத்து, ஜாடியின் வடிவத்திலேயே வளர்த்து விற்கிறார்களாம். இந்தச் செய்தியை என் அத்தை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் போட்டார். பழைய புரளி என்று அங்கேயே ஆதாரத்தோடு எழுதினேன். "பொய்யாவே இருக்கட்டும், நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதானே" என்றார். அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அத்தைக்குப் பூனைகள் மேல் இருக்கும் இரக்கம் உண்மையானது. செய்திதான் பொய். குழுவில் எல்லோர் முன்னாலும் நீங்கள் மறுத்தபோது, இரண்டையும் சேர்த்தே மறுத்ததாக அவருக்குப் பட்டிருக்கும்.

இந்தப் புரளியின் பெயர் 'போன்சாய் கிட்டன்'. மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் ஜப்பானியக் கலைதான் போன்சாய், கிட்டன் என்றால் பூனைக்குட்டி. 2000-ஆம் ஆண்டின் கடைசியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர் வட்டாரத்திலிருந்து ஓர் இணையதளமாக வெளிவந்தது. குட்டியின் எலும்பு இளசு, ஜாடியில் வைத்தால் அதன் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும் என்று விற்பனை விளம்பரம் போலவே எழுதியிருந்தார்கள். விற்பனையும் கிடையாது, ஜாடியில் வளர்ந்த குட்டியும் கிடையாது. ஆனாலும் கொதித்துப்போனவர்கள் ஏராளம். 2001 பிப்ரவரியில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யே எம்.ஐ.டி.யிடம் விவரம் கேட்டது.

நம்பியவர்களுக்கு அதுவே பெரிய சான்றாகிவிட்டது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டார்கள். புரளி என்ற விளக்கம் வந்த பிறகும், பெயர் சேர்த்து அனுப்பச் சொல்லும் கண்டனக் கடிதம் மின்னஞ்சலில் வருடக்கணக்கில் சுற்றியது. அதன் ஒரு வடிவத்தில், "போன வருடம் நாம் மூடவைத்த தளம் திரும்ப வந்துவிட்டது" என்றே இருந்தது. குட்டிகளை விற்பவர் நியூயார்க்கில் இருக்கும் ஒரு ஜப்பானியர் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். தளம் இருந்தால் கொடுமை நடக்கிறது, காணாமல் போனால் ஒளிந்துகொண்டார்கள். இப்படி நம்புகிறவரிடம் எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் அது அந்தக் கதைக்கே உரமாகிவிடும். அதனால் மறுபடியும் இணைப்பு அனுப்பாதீர்கள்.

தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பூனை வளர்ப்பு பற்றி அவருக்குத் தெரிந்ததிலிருந்தே ஆரம்பியுங்கள். "அத்தை, ஜாடிக்குள்ள இருக்கிற குட்டிக்குத் தாய்ப்பால் யார் கொடுப்பாங்க?" என்று கேளுங்கள். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். எட்டு வாரத்தில் ஏறக்குறைய 900 கிராம் ஆகிவிடும். இந்த வளர்ச்சிக்கு முதல் சில வாரங்கள் தாய்ப்பால் வேண்டும், ஓடியாட இடம் வேண்டும். ஜாடி நெருக்கத் தொடங்கினால் எலும்பு வளைவதற்குள் நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு நின்றுவிடும். சிறுநீர், மலம் எங்கே போகும் என்று யோசித்தாலே போதும், பூனை வளர்த்தவருக்குச் சட்டென்று புரியும். விடையை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் வாயிலிருந்து வரட்டும்.

"மரத்தை அப்படித்தானே வளர்க்கிறார்கள்?" என்று அவர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வியை நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள், புரளிக்கு உயிர் கொடுத்ததே இதுதான். போன்சாய் மரத்துக்கு வடிவம் தருவது தொட்டி இல்லை. கிளையையும் வேரையும் அளவாகக் கத்தரித்து, கம்பி சுற்றி வளைத்துத்தான் அந்த உருவம் வருகிறது. ஜப்பானின் ஜென்ட்சூஜி நகரில் சதுரத் தர்பூசணி விளைவிப்பதும் உண்மைதான். இளங்காயைப் பெட்டிக்குள் விட்டு வளர்க்கிறார்கள். ஆனால் காய்க்கு வேண்டியதெல்லாம் காம்பு வழியாகப் போய்விடுகிறது. குட்டிக்கு அப்படி ஒரு காம்பு கிடையாது. இதைக் கேட்டால், தான் நம்பியதற்கும் ஒரு காரணம் இருந்தது என்று அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

அப்புறம் அந்த 'நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லது' என்ற வாதம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், எனக்கு இதில்தான் உண்மையான வருத்தம். அன்று ஊர் ஊராகச் சுற்றிய கடிதத்தில் ஒவ்வொருவரும் பெயர் சேர்த்துப் பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பிரதி ஆகும். ஒவ்வொரு பிரதியிலும் மேலே அதே பழைய பெயர்கள், கீழே வேறு வேறு பெயர்கள். அவற்றை ஒன்றுசேர்க்க ஆள் இல்லை. அத்தனை பேரின் இரக்கமும் இல்லாத ஒரு குட்டிக்காகச் செலவானது. நிஜமாகவே அடிபட்டு, பட்டினி கிடக்கும் பூனைக்கு அதில் ஒரு துளிகூடப் போகவில்லை. இதை அத்தையிடம் இப்படியே சொல்லலாம். கூடவே, அருகில் இருக்கும் விலங்கு நலக் காப்பகம் ஒன்றின் எண்ணைக் கொடுங்கள், முடிந்தால் ஒருநாள் கூட்டிப்போங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பால்தான் அவர் அந்தச் செய்தியை அனுப்புகிறார். செய்வதற்கு வேறு வேலை கிடைத்தால் அனுப்புவது குறையும்.

"நான் தப்பு" என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழுவில் திருத்தம் போடச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். அந்தச் செய்தியை மறுபடியும் போட்டு, எல்லோர் முன்னாலும் அதற்காக வாதாடியும்விட்டார். அதிலிருந்து சத்தமில்லாமல் விலக ஒரு வழி விட்டுவையுங்கள். அடுத்த முறை அதே செய்தி வந்தால், குழுவில் வாய் திறக்காமல் தனியாக அவரைக் கூப்பிட்டு, "அத்தை, அன்னைக்குப் பேசினோமே, அதே செய்திதான்" என்று மட்டும் சொல்லுங்கள்.