முகத்தை மூடிய கைக்குட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வீட்டுக்காக ஒஹாயோ வந்திருக்கிறேன். பக்கத்தில் கேன்டன் நகரில் அமெரிக்க ஜனாதிபதிகளின் மனைவியருக்கென்று ஒரு நினைவில்லமும் நூலகமும் இருக்கிறதாம். ஓட்டு வாங்கி வராதவர்களுக்கு எதற்கு நூலகம்? அந்த வீட்டுக்காரியான, ஜனாதிபதி மெக்கின்லியின் மனைவி ஐடாவும் காலமெல்லாம் நோயாளி. அரை நாள் செலவழிக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஓட்டுக் கணக்கை விடுங்கள். ‘நோயாளி’ என்று ஒரே சொல்லில் ஒரு பெண்ணை முடித்துவிட்டீர்களே, அது எப்படி உங்களுக்கு வந்தது?

ஐடா சாக்ஸ்டன் 1871இல் கல்யாணம் ஆகும் முன்பே அப்பாவின் வங்கியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் 1873இல் கைக்குழந்தையாகவே போனாள், மூத்தவள் 1875இல் போனாள். ஐடாவின் அம்மாவும் அந்த 1873இல்தான் இறந்தார். வலிப்பும் அந்த நாட்களில் வந்து ஒட்டிக்கொண்டது.

விருந்தில் வலிப்பு வந்தால் மெக்கின்லி தன் கைக்குட்டையை அவர் முகத்தின்மேல் போடுவார். அடங்கியதும் எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார். எவ்வளவு அன்பு என்று எல்லோரும் உருகுகிறார்கள். அன்புதான், மறுக்கவில்லை. 1901இல் பஃபலோவில் சுடப்பட்டபோதும் ‘அவளிடம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்றுதான் தவித்தார். ஆனால் அந்தத் துணி யாருக்காக? துணிக்கு அடியில் இருந்தவருக்காகவா, எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகவா?

என் பெரிய அத்தைக்கும் வலிப்பு உண்டு. தெருவுக்கே கடிதம் எழுதிக் கொடுத்தவள். வீட்டில் விசேஷம் என்றால் மட்டும் அவளைப் பின்கட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். கையில் ஒரு இரும்புச் சாவி. விருந்தாளி கேட்டால், ‘அவளுக்கு உடம்பு சரியில்லை.’ பத்து வயதில் நானும் அதையே சொல்லியிருக்கிறேன். சொன்னது அவள் காதில் விழுந்தது. இன்றுவரை அது என்னை விடவில்லை.

காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் மனைவி மேரி ரெகுலா, லிங்கனின் மனைவியைப் பற்றிப் பேசுவதற்காகத் தேடியபோது, இந்தப் பெண்களைப் பற்றிய எழுத்துகள் ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்படவில்லை என்று கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த நூலகம். 2000இல் அது தேசிய வரலாற்றிடமானது. அதை ஐடாவின் தாய்வீட்டில் வைத்ததுதான் எனக்குப் பிடித்தது.

போங்கள். ஐடா ஆயிரக்கணக்கில் பின்னிப் பிறருக்குக் கொடுத்த கம்பளிச் செருப்புகளைப் பற்றிச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, வங்கியில் வேலை பார்த்த அந்தப் பெண்ணைப் பற்றியும் நீங்களே கேளுங்கள்.