செத்த தவளையின் ரத்தத்தில் என்ன தெரியும்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர் சம்பா நட்டிருக்கிறேன் ஐயா. நட்ட 12ஆம் நாள், கடையில் சொன்னபடி யூரியாவோடு குருணை மருந்து கலந்து விசிறினேன். மறுநாள் காலையில் வரப்போரம் நாற்பது ஐம்பது தவளை செத்து மிதந்தது. சிலவற்றுக்குத் தொடை சிவந்திருந்தது. ஏதும் நோயோ என்று பயமாக இருக்கிறது. மாடுகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. பிஎஸ்சி விலங்கியல் படிக்கும் என் மகள், தவளையின் ரத்தத்தையும் மண்ணீரலையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறாள். எந்த அணுவை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முதலில் மாட்டை அந்தத் தண்ணீரிலிருந்து விலக்குங்கள். மடையை அடைத்துவிடுங்கள், ஒரு சொட்டு வாய்க்காலுக்குப் போகக் கூடாது. செத்த தவளைகளைக் கையுறை போட்டு எடுத்து ஆழப் புதையுங்கள். கொக்கும் நாயும் தின்றால் அவையும் விழும்.

மகள் கேட்டதற்கு வருகிறேன். தவளையின் சிவப்பணு நம்முடையதைப் போல இருக்காது. நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். கண்ணாடியில் ரத்தத்தைத் தடவி ஜீம்சா என்ற சாயம் ஏற்றிய பூச்சில் அதுதான் எங்கும் தெரியும். ரத்தத்தை உறையவைக்கும் உறைவணு இரு முனையும் கூர்ந்த கதிர் வடிவத்தில் கொத்தாகக் கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை லிம்போசைட் என்ற வெள்ளையணுவாக எண்ணி மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடுவார்கள். லிம்போசைட்டில் உருண்டை உட்கரு அணுவை ஏறக்குறைய அடைத்திருக்கும். மற்ற வெள்ளையணுக்களில், நியூட்ரோபிலின் உட்கரு மடல் மடலாகப் பிரிந்திருக்கும். ஈசினோபிலில் செம்மஞ்சள் மணிகள். பேசோபிலில் கருநீல மணிகள் உட்கருவையே மறைக்கும். நூறு வெள்ளையணு எண்ணி, லிம்போசைட்டைவிட நியூட்ரோபில் விகிதம் ஏறியிருந்தால் அந்தத் தவளை ஏதோ துன்பத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். என்ன துன்பம் என்று அது சொல்லாது. பிடித்துவந்து பாட்டிலில் அடைத்து வைத்தாலே அந்த விகிதம் ஏறும்.

மண்ணீரல் குடலையொட்டிய சவ்வில் கருஞ்சிவப்புக் குண்டுமணி போல இருக்கும். வெட்டிய முகத்தைக் கண்ணாடியில் ஒற்றினால் லிம்போசைட்டும் சிவப்பணுவும் இடையில் கருநிறமி நிறைந்த அணுக்களும் தெரியும். ஆனால் இதெல்லாம் புதிதாக எடுத்ததில்தான். வெயிலில் மிதந்த தவளையின் அணுக்கள் கரைந்து குழம்பியிருக்கும். அதற்காக உயிருள்ளதைப் பிடித்து அறுக்கவும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பு சில தவளை இனங்களுக்கும் உண்டு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்தக் குருணை என்ன என்பதுதான். பொட்டலத்தின் பெயரைக்கூட எழுதவில்லை. தொடை சிவக்கும் பாக்டீரியா நோய் ஒன்று உண்டு, மறுக்கவில்லை; ஆனால் அது ஒரே ராத்திரியில் வயல் முழுக்கக் கொல்லாது. மண்புழுவும் குஞ்சு மீனும் சேர்ந்து செத்துக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், விஷம்தான். குருணை மருந்துகளில் பல நரம்பைப் பிடிக்கும் விஷம்; அது ரத்தப் பூச்சில் தெரியாது. அவற்றில் போரேட் போன்றவை முடக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை மூளையில் அளந்தால்தான் தெரியும்; அது கல்லூரி மைக்ராஸ்கோப்பில் ஆகிற வேலையில்லை.

லேபிள் இல்லாத பொட்டலமா? மூக்கைத் துளைக்கும் வாடையா? அப்படியானால் போரேட் என்ற பூச்சிக்கொல்லியாக இருக்கலாம். அதைப் பயன்படுத்த 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய சரக்கைத் தள்ளிவிட இப்படித்தான் 'குருணை' என்ற ஒற்றைச் சொல்லில் விற்பார்கள். பில் தராத கடைக்காரர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் அவரிடம் மருந்து வாங்காதீர்கள். மீதிப் பொட்டலத்தோடு வேளாண் அலுவலரைப் பாருங்கள். கடையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

அதைவிட எனக்கு எரிச்சல் தருவது அந்த 12ஆம் நாள்தான். எந்தப் பூச்சியைப் பார்த்து விசிறினீர்கள்? ஒன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள். 'யூரியாவோடு போட்டால் தனிக் கூலி மிச்சம்' என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். நட்ட முதல் முப்பது நாள் நெல்லுக்குப் பூச்சிமருந்தே தேவையில்லை என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். தூர் கட்டும் பயிர் நாலு இலை போனாலும் புதிது விட்டு ஈடுகட்டும். வியட்நாமின் மெக்காங் டெல்டாவில் 1990களிலேயே, விதைத்த முதல் 40 நாள் மருந்து வேண்டாம் என்று ரேடியோ நாடகம் போட்டுச் சொன்னார்கள். மருந்தடிப்பது குறைந்தது, மகசூல் குறையவில்லை. நாம் மட்டும் யூரியா மூட்டையோடு மருந்தையும் அவிழ்க்கிறோம். சிலந்தியும் தவளையும் போன வயலில் பிறகு புகையான் பூச்சி வந்து உட்காரும். அப்போது அதே கடையில் இன்னொரு பாட்டில் விற்கும்.

இனி வாரம் ஒருமுறை வயலில் இறங்கிப் பாருங்கள். இலைச்சுருட்டுப் புழு தின்ற இலை நூற்றுக்குப் பத்தைத் தாண்டினாலோ, சதுர மீட்டருக்குத் தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியல் இரண்டு தென்பட்டாலோ எனக்கு எழுதுங்கள், மருந்து பேசலாம். எண்ணிக் குறிக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். மைக்ராஸ்கோப் பழக்கம் அதற்கு உதவும்.